வார்னிஷ் சுரண்டாத கம்பி

அமெச்சூர் வானொலிக்காக அலுவிகாரை வீட்டில் நான் கட்டிய அன்டெனா இரண்டு நாளாக ஊமையாகக் கிடந்தது. கேபிளை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் கம்பியை இறக்கி, முறுக்கிய இடத்தில் சோல்டரிங் அயனை வைத்ததும் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. செம்பின்மேல் மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சைச் சுரண்டாமலே முறுக்கியிருக்கிறேன்.

வாப்பாவும் இதே பிழையைத்தான் செய்தார். அப்போது ரிவர்ஸ்டன் மலையடியில் இருந்தோம். குவைத்தில் வேலை செய்த உம்மா, என் எட்டாவது பிறந்தநாளுக்கு வானொலிக்கு வாழ்த்து எழுதி அனுப்பியிருந்தார். எங்கள் ரேடியோ சரியாக எடுக்காது. வாப்பா எரிந்துபோன மோட்டரின் கம்பியோடு பலாமரத்தில் ஏறி, ரேடியோ வயரில் அதை முறுக்கினார்.

"இப்ப கேக்குதா மகள்?"

"இல்ல வாப்பா. மழை பெய்யிற மாதிரி இருக்கு."

"இப்ப?"

"இப்ப பெருமழை."

நேரம் போன பிறகுதான் அவருக்குப் பூச்சு ஞாபகம் வந்தது. மேலேயே கத்தியால் சுரண்டினார். ரேடியோ தெளிவாகப் பேசியபோது வாழ்த்துகள் முடிந்து பாட்டு ஓடியது.

வாப்பா இறங்கினார். கையெல்லாம் முசுறு எறும்பு கடித்துத் தடித்திருந்தது.

"பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க வாப்பா. நல்லாப் படிக்கணுமாம், உங்களோட சண்டை போடக் கூடாதாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை உம்மா குவைத்திலிருந்து போன் எடுத்தார். வாப்பா நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓ, அதத்தான் எழுதினேன்" என்றார் உம்மா.

இப்போது உம்மா குசினியில் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறார். உண்மையில் என்ன எழுதினார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.