வெள்ளிக்கிழமை பத்தரை மணி டோக்கன்

வங்கியின் கடன் பிரிவில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்து, பிறர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தவன் நான். ஓய்வு பெற்றபின் அந்தத் திறமைக்கு வீட்டில் வரவேற்பு இல்லை. ஆகவே வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் அரிசிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போகிறேன். முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்குக் கடன் கிடைக்கும்படி காகிதங்களைச் சரிசெய்து தருவது எங்கள் வேலை. சம்பளம் கிடையாது. டீ உண்டு, சர்க்கரை அவர்கள் இஷ்டம்.

போன வருடம் ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்குச் செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை. கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சம்பளச் சீட்டு மனைவியிடம்தான் இருந்ததால் கடனும் பத்திரமும் அவர் பெயரில்தான் என்றேன்.

"அப்ப நான் யாரு சார்?" என்றார் கணவர்.

"இணை விண்ணப்பதாரர். சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்."

"கல்யாணத்துலேந்து அதான் சார் பண்ணிக்கினு இருக்கறேன்."

எதற்காக வீடு என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. "செவுத்துல ஆணி அடிக்கணும் சார்."

பதினோரு வருடமாக இருக்கும் வாடகை வீட்டில் வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடுவதில்லையாம். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. காற்றடித்தால் தேதி வெளியே போய்விடுகிறது. படிவத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. 'சொந்த உபயோகம்' என்று எழுதினேன்.

ஊர் ஓரத்தில் இரண்டு அறை வீடு ஒன்று அமைந்தது. விற்பவர் கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் வேலை. விடுப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார். திரும்ப இரண்டு வருடம் ஆகும். வங்கியின் அனுமதிக் கடிதத்துக்கோ வெள்ளிக்கிழமையே கடைசி நாள். அன்று பத்திரம் பதிவாகவில்லை என்றால் வீடு கை நழுவிவிடும். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு டோக்கன் போட்டேன்.

முதல் நாள் அதைச் சொன்னதும் அந்த அம்மாளின் முகம் மாறியது. "வெள்ளிக்கெழம பத்தரைலேந்து பன்னெண்டு ராகு காலம் சார்."

"கவலைப்படாதீர்கள்," என்றேன். "என் அனுபவத்தில் பத்தரை டோக்கனைப் பன்னிரண்டுக்கு முன்னால் கூப்பிட்டதே கிடையாது."

மறுநாள் பதிவு அலுவலகத்தில் இணையம் வேலை செய்தது. ஊழியர்கள் அனைவரும் இருக்கையில் இருந்தார்கள். பத்து நாற்பதுக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். இப்படி ஒரு நிர்வாகச் சீர்கேட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னா சார்," என்றார் கணவர், "இத்தினி ரூல்ஸ் தெரியுது. காலண்டர்ல போட்டுக்கீறது தெரியலியே."

எழுத்தரிடம் போய் நின்றேன். இப்போது தவறவிட்டால் வரிசையின் கடைசியில்தான் கூப்பிடுவோம், பன்னிரண்டு ஆகும் என்றார். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் விற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விமானம் ஏறுமுன் கடைசி ஜும்மா தொழுகை. அப்பாவோடு சேர்ந்து கோட்டக்குப்பத்தில் தொழ வேண்டுமென்று இருந்தார். அதற்குப் பதினொன்றுக்காவது கிளம்பியாக வேண்டும். ஒருவருக்குப் பன்னிரண்டு வரை ஆகாது; இன்னொருவருக்குப் பன்னிரண்டு வரை முடியாது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இல்லை.

நான் அந்த அம்மாளிடம் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இருபது வருஷம் கட்டணும்னு நீங்கதான் சார் சொன்னீங்க. அதுக்கு ஒண்ணரை மணி நேரம் உக்காரக் கூடாதா?" பிறகு விற்பவரிடம் திரும்பினார். "பாய், உங்கள நிக்க வெக்கறது தப்புதான். உங்க கையிலதான் கீது."

அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்பாவிடம் என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திண்டிவனத்துலயும் பள்ளிவாசல் கீதும்மா. நீங்க நல்ல நேரம் பாத்தே வாங்குங்க. நாளைக்கு கொழாயி ஒழுவுனா என்னைச் சொல்லக் கூடாது."

பன்னிரண்டு ஐந்துக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்குள் புகைப்படம், கைரேகை, கையெழுத்து எல்லாம் முடிந்தது. கணவர் விற்பவரைத் தம் ஷேர் ஆட்டோவில் பள்ளிவாசலுக்கு ஏற்றிப் போனார். வழியில் யார் கையைக் காட்டியும் நிறுத்தவில்லை என்று பிறகு பெருமையாகச் சொன்னார்.

பால் காய்ச்சும் நாளன்று நானும் போயிருந்தேன்.

"வர்ற நேரம் பாத்துக்கினு வந்தீங்களா சார்?" என்றார் கணவர், எல்லோர் முன்னிலையிலும். விழுப்புரத்தில் கிளம்புமுன் காலண்டரைப் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

அந்த அம்மாள் காலண்டரோடும் சுத்தியலோடும் வந்து, கூடத்துச் சுவரில் தாமே ஆணி அடித்தார். மூன்றாவது அடியில் ஒரு கைப்பிடி பூச்சு உதிர்ந்து தரையில் விழுந்தது. வாடகை வீட்டுப் பழக்கத்தில் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நான்காவது அடி அடித்தார்.