எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர்

மாட்டுக்கறியை எப்படித் தின்ன வேண்டும் என்று புனேயில் ஒரு ஆள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். குடியாத்தம் பக்கத்தில், பல் முளைத்த நாளிலிருந்து பெரிய கறி கடித்து வளர்ந்தவன் நான். எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முள்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில், அழுத்தக் கூடாது, இழுக்க வேண்டும், சின்னத் துண்டாக வாயில் போட்டு நிதானமாக மெல்ல வேண்டும். சொன்னவர் கம்பெனியில் என் மேனேஜர். நான் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவரே. வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, இன்னமும் நினைத்தால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மேல் வருகிற கோபத்தைவிட என் மேல் வருவதுதான் அதிகம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டிப்ளமோ முடித்த கையோடு புனே வந்தேன். அக்காவை ஏரவாடாவில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் வீட்டில் தங்கிக்கொண்டு போசரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கியர் சக்கரங்களை அளந்து பார்த்து, தேறும் தேறாது என்று சொல்கிற வேலை. மாதம் ஒரு தடவை எங்கள் பிரிவே சேர்ந்து வெளியே சாப்பிடப் போகும். என்னை எங்கே கூட்டிப் போவார்கள்? உடுப்பி ஓட்டலுக்கு. எல்லாம் உனக்காகத்தான் என்பார்கள். இட்லித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, ஊர் ஞாபகம் வருகிறதா என்று பாசமாகக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் இட்லி என்பது தீபாவளிக்கும் காய்ச்சலுக்கும்தான். அந்த ஓட்டல் சாம்பாரில் வெல்லம் வேறு போட்டிருப்பான். மதராசி என்றால் விபூதி, ஃபில்டர் காபி, தயிர்சாதம் என்று அவர்களே ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்குத்தான் இட்லி வாங்கிக் கொடுத்தார்கள், தின்றது நான்.

நான் விரும்பிச் சாப்பிட்ட கடைகள் வேறே. கசார்வாடியில் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கானாவளி இருந்தது, நம் ஊர் மெஸ் மாதிரி. ஒர்க்‌ஷாப் ஆட்களோடு தோள் இடிக்க உட்கார்ந்து, எலும்புக் குழம்பில் சோள ரொட்டியான பாக்ரியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துத் தின்னலாம். கண்டோன்மென்ட் பகுதியான கேம்ப் பக்கம் ஒரு ஈரானி கடையில் கொத்துக்கறியும் பாவ் ரொட்டியும் கிடைக்கும். அங்கெல்லாம் தனியாகத்தான் போவேன். தெரிந்தவர்கள் யாராவது உள்ளே வந்தால் சாயா மட்டும் குடிப்பவனைப் போலத் தட்டைத் தள்ளி வைப்பேன். இப்படி ஒரு பிழைப்பு.

அப்பா போன பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டேன். ஏரவாடாவிலிருந்து போசரிக்கு இரண்டு பஸ் மாறிப் போவது முடியாத காரியமாக இருந்தது. கசார்வாடியில் மேனேஜர் குடியிருந்த சொசைட்டி என்கிற அடுக்கு வீடுகளில் கீழ்வீடும் அவருடையது, காலியாக இருந்தது. மேல்வீட்டில் அவரும் மனைவியும். கேட்டேன். இங்கே எல்லோரும் சைவம், வேறு ஆட்களுக்கு வீடு தருவதில்லை, உங்களைப் பற்றிக் கவலையே இல்லை, மதராசி ஆயிற்றே என்று சிரித்தார். நான் தலையை ஆட்டினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடு போய்விடும் என்ற பயத்தில் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டினேன்.

வீட்டுக்காரர் கறி சமைக்கக் கூடாது என்கிறார் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். வியாழக்கிழமை போசரி முழுக்க விடுமுறை. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய் வேண்டிய மட்டும் சாப்பிட்டுக்கொள்ளலாம், இங்கே பருப்பும் காயும் போதும் என்றேன். சரி என்றாள். மாதக் கணக்கில் அப்படியே ஓட்டினாள். அவளுக்கு இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. மேல்வீட்டு அம்மாளை நாங்கள் வஹினி என்போம், அண்ணி என்று அர்த்தம். வஹினியும் அம்மாவும் கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொள்வார்கள். நல்ல சிநேகம்.

கோடை வந்தது. அந்த ஊரில் ஏப்ரல், மே மாதம் பெண்கள் எல்லோரும் மொட்டை மாடியில் கூடி, வருஷத்துக்கு வேண்டிய அப்பளமும் வடகமும் போடுவார்கள். மாடி முழுக்கப் பழைய புடவைகளை விரித்துக் காயவைப்பார்கள். வஹினி கீழே வந்து, நீயும் வா என்று அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். இரண்டு நாள் அம்மா அவர்களோடு உட்கார்ந்து அப்பளம் உருட்டினாள். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. நான் குளித்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அம்மா, அங்கேயே பெரிய கறியைப் பட்டை பட்டையாக அறுத்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறிச் சணல் கயிற்றில் கோத்துக் கொண்டு வந்திருக்கிறாள். கூடையில் மேலாக வெந்தயக் கீரையைப் போட்டு மூடியிருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஊரே காயப்போடுகிறதே, இவர்களும் நல்லவர்களாக இருக்கிறார்களே என்று நேரே மாடிக்குப் போய், அப்பளத்துக்குப் பக்கத்திலேயே உப்புக்கண்டத்தைக் கட்டிவிட்டாள்.

வஹினி என்னை மேலே கூப்பிட்டாள். தலை துவட்டாமல் ஓடினேன். இது என்ன பதார்த்தம், கேட்டால் உன் அம்மா சிரிக்கிறாள் என்றாள். பார்த்தால் கயிற்றில் கறி தொங்கியது. மதராஸ் வற்றல், ஒரு காட்டுக் காய் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வஹினி நம்பினாள். நம்பியதோடு விட்டாளா, காய்ந்ததும் எங்களுக்கும் ஒரு பிடி பொரித்துக் கொடுங்கள் என்றாள்.

அவள் கீழே போனதும் கயிற்றை அறுத்துச் சுருட்டி எடுத்துப் போய், சொசைட்டிக்குப் பின்னாலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள்.

"எதுக்குடா தூக்கிப் போட்ட? கறி கெட்டுப் பூட்ச்சா?"

கத்தினேன். பெற்றவளைப் பார்த்து, அடிக்குரலில், அக்கம்பக்கம் கேட்காதபடி கத்தினேன். "இங்க நீ சைவம். அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன். ஞாபகம் வெச்சுக்கோ."

அவள் மறுநாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு, அக்கா வீட்டில் கொண்டு போய் விடச் சொன்னாள். கெஞ்சிப் பார்த்தேன். அங்கே இருந்தால்தான் சோறு இறங்குகிறது என்றாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நான்தான் போய்ப் பார்ப்பேன். வீட்டுக்கு வா என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன், அவள் பேச்சை மாற்றுவாள். கீழ்வீட்டில் நான் ஒருத்தன் பருப்பைக் கொதிக்க வைத்துத் தின்றுகொண்டு கிடந்தேன். வஹினி பார்க்கும்போதெல்லாம் அம்மா எப்போது வருவாள் என்று கேட்பாள்.

மழைக்காலம் முடிந்து, ஜெர்மனியிலிருந்து இரண்டு பேர் எங்கள் கியர்களைப் பார்க்க வந்தார்கள். அளவுகளை விளக்கிச் சொல்ல நான் வேண்டும் என்று மேனேஜர் என்னையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போனார். கேம்பில் ஒரு ஸ்டேக் கடை. கட்டம் போட்ட மேசைவிரிப்பு, ஓடாத கடிகாரம், சுவரில் குதிரைப் பந்தயப் படங்கள். பக்கத்து மேசைக்கு மரப்பலகையில் இரும்புத்தட்டு போயிற்று. முட்டைக்கோஸ் இலைமேல் கறி கிடந்து சொய்யென்று புகைந்தது. அந்த வாசனை எனக்குத் தெரியும். அம்மாவின் அடுப்பில் வரும் வாசனையில் மிளகாயைக் கழித்துவிட்டால் அதுதான்.

மேனேஜர் எனக்குக் காய்கறியில் ஏதோ சொல்லிவிட்டு, தனக்கு பீஃப் ஸ்டேக் என்றார். பாதி வெந்தால் போதும், போன தடவை அதிகமாக வேகவைத்துவிட்டீர்கள் என்று பரிமாறுபவரைக் கடிந்துகொண்டார். போன தடவை! எனக்கும் அதுவே கொண்டு வாருங்கள் என்றேன். மேனேஜருக்கு ஒரே சிரிப்பு. இவர் சுத்த சைவம், இன்றைக்கு உங்களுக்காகத் துணிந்துவிட்டார் என்று ஜெர்மன்காரர்களிடம் சொன்னார். அவர்கள் எனக்காகக் கைதட்டினார்கள்.

தட்டு வந்தது. அவர் எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துக் காட்டினார். முதல் தடவை குமட்டும், தண்ணீர் குடித்து விழுங்கு என்றார். பிறகு குனிந்து காதோடு இந்தியில் சொன்னார்.

"உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே. பாவம், தாங்க மாட்டார். நானும் வீட்டில் சொல்வதில்லை."

அந்தத் தட்டை எடுத்து மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். வீசவில்லை. நல்ல பிள்ளையாகச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தின்றேன். நன்றாக இருக்கிறது சார் என்றும் சொன்னேன். என்னை எதால் அடிப்பது?

அடுத்த வியாழக்கிழமை அம்மாவைக் கட்டாயப்படுத்தி அதே கடைக்கு அழைத்துப் போனேன். அந்த மேசையில் அவளும் உட்கார வேண்டும் என்று ஒரு வெறி. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இரும்புத்தட்டு வந்ததும் புகையைப் பார்த்துச் சற்றுப் பின்னால் நகர்ந்தாள். கத்தியைத் தொடவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்து கையால் பிய்த்து வாயில் போட்டாள்.

"இன்னாடா, வேகவே இல்ல. உள்ள செவப்பா கீது. உப்புகூட ஒறைக்கல" என்றாள். ஆனாலும் தின்றாள். பாதிக்கு மேல் தின்றாள்.

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து, சிரிப்பாள் என்று நினைத்து மேனேஜர் கதையைச் சொன்னேன். கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது, ஜெர்மன்காரர்கள் கைதட்டியது, அம்மாவிடம் சொல்லாதே என்றது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப அந்த ஊட்ல நானு இன்னும் சைவமாத்தான் கீறனா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஏரவாடாவில் அவளை இறக்கிவிட்டு நேரே கசார்வாடி போனேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. மேல்வீட்டு மணியை அடித்தேன். வஹினி கதவைத் திறந்து, சிரித்து, உள்ளே வா, சாயா குடி என்றாள். மேனேஜர் சோபாவில் செய்தித்தாளோடு இருந்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு மாடியில் காய்ந்தது காய் இல்லை. மாட்டுக்கறி. என் அம்மா உப்புப் போட்டுக் காயவைத்தது. நாங்கள் பரம்பரையாகத் தின்கிறவர்கள். அப்போது பொய் சொன்னவன் நான், அம்மா இல்லை.

வஹினி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் அந்தச் சொல்லையே வாழ்க்கையில் முதல் தடவை கேட்பவரைப் போல, "மாட்டுக்கறியா?" என்றார்.

"ஆமாம் சார். நீங்கள் எனக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களே, அதேதான்."

வஹினி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. படியிறங்கும்போது நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லி மறுநாள் கம்பெனியிலேயே சொல்லிவிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவரும் வெட்கப்படட்டும் என்று நானும் கேட்கவில்லை. வஹினி மட்டும், நான் சாமான் ஏற்றுகிற நாளில் கீழே வந்து நின்றாள். அப்பளப் பொட்டலம் ஒன்றை டெம்போவில் வைத்துவிட்டுப் போனாள்.

சாமானோடு அக்கா வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும், இனி என்னோடு வருவாளா என்று கேட்டேன். அவள் சட்டியில் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேற ஊடு பாரு" என்றாள். "வெய்யிலு நல்லா வுழுற ஊடா பாரு."