நோரியின் ஒன்றுக்கும் ஆகாத இயந்திரம்

என் தம்பி காடோவாகி நோரிமிச்சி தோற்றிருக்க வேண்டிய இடங்களில் ஜெயித்தவற்றை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

பிறக்கும்போது எடை ஒரு கிலோ எண்ணூறு கிராம். பெயர் வைக்க அவசரம் வேண்டாம் என்று மருத்துவச்சி எங்கள் அம்மாவிடம் சொன்னாளாம். அவன் பிழைத்தான்.

ஆறாம் வகுப்புக் கோடை விடுமுறையில், காலை உடற்பயிற்சி அட்டையில் நாற்பது கட்டத்துக்கும் முத்திரை வாங்கிய ஒரே பையன் எங்கள் பேட்டையில் அவன்தான். அதில் பதினோரு நாள் மழை. ஆசிரியரே வரவில்லை. இவன் குடையோடு அவர் வீட்டுக்குப் போய் வாசலிலேயே கைகால் வீசிக் காட்டி வாங்கி வந்தான்.

மாலை நேரத் தொழிற்பள்ளியில் இடம், இரண்டாம் முயற்சியில்.

1998 டிசம்பர் கடைத்தெருக் குலுக்கலில் மின்சாரக் குக்கர். அதற்கு முந்தைய பதினாறு வருடமும் எங்களுக்கு விழுந்தது காகிதக் கைக்குட்டைகள் மட்டுமே.

2009 மார்ச்சில், பழைய இரும்புக் கடை இவாகுமாவிடமிருந்து, காசு போட்டுக் குண்டைத் தட்டி விளையாடும் ஒரு பின்பால் இயந்திரம். கல், காகிதம், கத்தரி ஆடி ஜெயித்தான். இருபத்து மூன்று வருடமாக இவாகுமாவை அந்த ஆட்டத்தில் யாரும் ஜெயித்ததில்லை. ஆனால் தும்மல் வரப்போகிற நேரத்தில் அவர் எப்போதும் கல்லைத்தான் போடுவார் என்பதை நோரி கவனித்து வைத்திருந்தான். தேவதாரு மகரந்தம் பறக்கும் மாதம் வரை பொறுத்திருந்து, அவர் மூக்கு துடித்த நொடியில் காகிதம் போட்டான்.

கடைசியாக, ஒரு டென்மார்க்காரியின் நோட்டில் ஒரு வரி. மற்றவற்றைவிட இது கடினம். தடையாக இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

ஒசாகாவில், சீட்டு வாங்கி ஏறி ஊரைப் பார்க்கும் கோபுரத்துக்குத் தெற்கே இரண்டாவது சந்தில் இருக்கும் காசு போட்டுத் துவைக்கும் சலவையகத்தை நோரி பார்த்துக்கொள்கிறான். பன்னிரண்டு துவைக்கும் இயந்திரங்கள், ஆறு உலர்த்திகள். ரிப்பேர் அவன் வேலை. வருகிறவர்களின் துணியை மடித்துக் கொடுப்பது என் வேலை. ஜெயித்த பின்பாலை அவன் உலர்த்திகளுக்குப் பின்னால் நிறுத்தினான். அப்போது அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. கண்ணாடிக்குள் எலி குடும்பம் நடத்திய தடம் இருந்தது. மேலே மூன்று யானைகள் ஒன்றின்மேல் ஒன்று நிற்கிற சர்க்கஸ் படம். நடு யானைக்கு முகமே இல்லை.

மூன்று வருடம், நான்கு மாதம். குண்டைத் தட்டி மேலே அனுப்பும் இரண்டு துடுப்புகளின் ரப்பரை உலர்த்தியின் பழைய வாரிலிருந்து வெட்டினான். கம்பிச் சுருளை விரலால் எண்ணி எண்ணிச் சுற்றினான். எண் தப்பினால் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றுவான். நடு யானைக்கு முகம் வரைந்தான். அது கொஞ்சம் இவாகுமா சாயலில் வந்துவிட்டது. மணி மட்டும் கிடைக்கவில்லை. அதனால் உலர்த்தியின் 'துணி காய்ந்தது' ஒலிப்பானையே கழற்றிப் பொருத்தினான். யாராவது ஐம்பதாயிரம் புள்ளி தாண்டினால் அது அலறும். உடனே பெஞ்சில் தூங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்துபோய் உலர்த்திக் கதவுகளைத் திறப்பார்கள்.

இவ்வளவும் செய்து அதை ஆடியவர்கள் யார்? துணி காய்வதற்குக் காத்திருந்தவர்கள். ஒரு டாக்சிக்காரர் அதன் கண்ணாடிமேல் சாப்பாட்டுப் பெட்டியை வைத்துச் சாப்பிடுவார். இந்த வகை இயந்திரத்தை அறிந்த ஒருவர் ஒரே ஒரு முறை அதில் கை வைக்க வேண்டும், அவர் வாயால் அது சரியாக இருக்கிறதென்று கேட்க வேண்டும். நோரிக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

2014 நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை காலை, எதிர்ச் சந்தில் காபிக் கடை வைத்திருக்கும் ஹருயோ ஓடி வந்தாள்.

"ஏய் சுமியே, கேட்டியாடி? ஒரு வெள்ளக்காரி வந்திருக்கா. நெலப்படியில தல இடிக்கிற ஒசரம். எங்க கடை மூலையில கெடக்கே அந்தப் பின்பாலு, அதுல நாலு மணி நேரம் ஆடினா. குடிச்சது ஒரே ஒரு காபி!"

"எதுக்குடி ஆடுறா?"

"ஊர் ஊராப் போயி இந்த மெஷினு எங்கெங்க இருக்குன்னு எழுதறாளாம். புஸ்தகமாப் போடுவாளாம். நம்ம பாஷை பேசறாடி! நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறா. நோரியோடத சொல்லிட்டேன். நாளைக்கு வருவா."

உலர்த்திக்குப் பின்னால் ஏதோ கீழே விழுந்தது. நோரியின் கையிலிருந்த திருப்புளி.

அன்று அவன் முடி வெட்டிக்கொண்டான். கண்ணாடியை ஒன்பது முறை துடைத்தான். மறுநாள், சாவு வீட்டுக்கு மட்டும் போடும் கறுப்புக் கால்சட்டையைப் போட்டு வந்தான். இயந்திரத்தின்மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து, அதன்மேல் துண்டுகளை அடுக்கினான். பார்க்க மடிக்கும் மேசை மாதிரி இருந்தது.

"எதுக்குடா மூடற?"

"தெறந்து வெச்சா பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கும்க்கா."

ஞாயிறு காலை பத்து இருபதுக்கு அவள் வந்தாள். பெயர் பென்ட்டே. ஐம்பது வயதிருக்கும். நிலைப்படியில் தலை இடித்தது. கையில் தடிமனான நீல நோட்டு.

"மன்னிக்க வேண்டும். இங்கே ஒரு பின்பால் இயந்திரம் இருப்பதாக அறிந்தேன். நான் அதைப் பார்க்கலாமா?"

நோரி காது வரை சிவந்தான். பின்னந்தலையைச் சொறிந்தான்.

"ஐயோ, அதெல்லாம் பாக்குற மாதிரி இல்லீங்க. ஒண்ணுக்கும் ஆகாத சாமான். ஒங்க கண்ணுல காட்டவே கூச்சமா இருக்கு."

பென்ட்டே என்னைப் பார்த்தாள். வீட்டு மனிதர்களை வெளியார் முன்னால் புகழ்வது எங்களிடம் கிடையாது. நானும் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

"இவன் கைக்கு என்னங்க வரும்? சும்மா பொழுது போகாம எதையோ முடுக்கிட்டுக் கெடந்தான். மூள கொஞ்சம் மட்டு."

"அப்படியா. உண்மையைச் சொன்னதற்கு மிக்க நன்றி" என்று அவள் முதுகு வளைத்து வணங்கினாள். நீல நோட்டைத் திறந்து, எங்கள் இடத்தைக் குறித்திருந்த வரியைக் கோடு போட்டு அடித்தாள். போய்விட்டாள். போகும்போது மறுபடியும் தலை இடித்தது.

ஒரு உலர்த்தி சுற்றி முடிந்தது.

"அக்கா."

"என்னடா."

"போயிட்டாங்க."

"பாத்தேன்."

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் தப்பில்ல. மரியாதையாத்தான் சொன்ன."

"நீயும் மரியாதையாத்தான் சொன்ன."

அவள் 'பரவாயில்லை, காட்டுங்கள்' என்று மூன்று முறை கேட்க வேண்டும், மூன்றாம் முறை இவன் போர்வையை எடுக்க வேண்டும். இவன் போட்டிருந்த கணக்கு அது. அவள் இரண்டாம் முறையே கேட்கவில்லை. நோரி கறுப்புக் கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்து, ஓடாத ஒரு உலர்த்திக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹருயோவிடம் போனேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து அடிச்சு வெரட்டினீங்களா? அஞ்சு மணிக்கு ஏர்போட்டுக்குக் கெளம்பறாடி அவ! அது வரைக்கும் ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னா. ஓடு!"

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை எடுத்தேன்.

கோபுரத்தில் சீட்டுக் கிழிப்பவன், "அந்த ஒசரக்காரம்மாவா? மேல இருக்கிற அதிர்ஷ்ட சாமி, பில்லிக்கன் பொம்மை, அதோட உள்ளங்காலத் தேச்சு வேண்டிக்கிட்டாங்க. ரெண்டு காலையும் ஒரே நேரம் தேச்சாங்க. பசியா இருக்குன்னு போனாங்க" என்றான்.

இறைச்சியைக் குச்சியில் குத்திப் பொரித்துக் கொடுக்கும் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். "கடிச்ச குச்சிய மறுபடி பொதுக் குழம்புல தோய்க்கக் கூடாதுன்னு கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன்க்கா. எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேட்டுச்சு. கடையில எல்லாருகிட்டயும் தனித்தனியாக் கேட்டுச்சு. ஷிதென்னோஜிக்கு வழி கேட்டுப் போயிருக்கு."

ஷிதென்னோஜி கோயிலுக்கு ஏறுகிற மேட்டில் மூச்சு வாங்கியது. குளத்தங்கரையில் அவள் நின்று ஆமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மணி இரண்டு ஐந்து. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரன் பையிலிருந்து ஒரு எலுமிச்சை மிட்டாயை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

"நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?" என்றாள் பயந்துபோய்.

"நீங்க செய்யல. நாங்க செஞ்சோம்."

அறுபத்தொரு வயதில் நான் என் தம்பியை வெளியார் யாரிடமும் ஒரு சொல் புகழ்ந்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆமைகளைப் பார்த்துச் சொன்னேன்.

"எந்தம்பி மெஷினு நல்ல மெஷினு! மூணு வருஷம் நாலு மாசம் ஒக்காந்து செஞ்சான். எரநூத்தி ஆறு வெளக்கும் எரியுது. இந்த ஊர்லயே அவன் மாதிரி கைக்காரன் கெடையாது!"

சத்தம் கூடிப்போயிருக்க வேண்டும். பக்கத்தில் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த ஒரு அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்தாள். இரண்டு ஆமைகள் தண்ணீருக்குள் இறங்கின.

"ஆனால் ஒன்றுக்கும் ஆகாதது என்று அவரே கூறினாரே? மூளை மட்டு என்று நீங்கள் கூறினீர்களே?"

"அது சும்மா சொல்றதுங்க! எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

"எல்லாருமா?"

"ஆமா. நல்லா இருந்தா இன்னும் கேவலமாச் சொல்லுவாங்க."

பென்ட்டேயின் முகம் மாறியது. நீல நோட்டைத் திறந்து மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினாள். அடித்த வரிகளை விரலால் எண்ணினாள்.

"இந்த நகரத்தில் ஏழு பேர் என்னிடம் அப்படிக் கூறினார்கள்" என்றாள். "நான் ஏழு பேரையும் நம்பினேன்."

சைக்கிளை நான் தள்ள, அவள் பக்கத்தில் பெரிய எட்டுகளாக வைத்து நடந்தாள். சலவையகத்தில் நோரி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாயைத் திறந்தான்.

"ஐயோ, மறுபடி எதுக்குங்க, இது வந்து ஒண்ணுக்கும்..."

அவன் காலை மிதித்தேன். அவன் வாயை மூடிக்கொண்டு போர்வையை எடுத்தான்.

பென்ட்டே முதலில் ஆடவில்லை. குனிந்து கால்களைப் பார்த்தாள். கண்ணாடியில் கன்னத்தை வைத்து உள்ளே பார்த்தாள். முகம் வரைந்த யானையை வெகு நேரம் பார்த்தாள். பிறகு காசு போட்டாள். முதல் குண்டு நேராகக் கீழே ஓடிவிட்டது. நோரி கண்களை மூடிக்கொண்டான். இரண்டாவது குண்டை இடது துடுப்பால் தட்டினாள். அது மேலே போய் காளான் வடிவ மோதுகுமிழ்கள் மூன்றுக்கு நடுவில் மாட்டி டப் டப் டப் என்று மோதியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இடுப்பால் இயந்திரத்தை லேசாக இடித்தாள். இருநூற்று ஆறு விளக்குகளும் எரிந்தன. மூன்றாவது குண்டு விழுவதற்கு முன் ஒலிப்பான் அலறியது.

பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று பேர் எழுந்துபோய் உலர்த்திகளைத் திறந்தார்கள்.

"ஈரமாவே இருக்கே!" என்றார் டாக்சிக்காரர்.

பென்ட்டே சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தாள். பிறகு நோரியிடம் திரும்பினாள். "இடது துடுப்பு மிகச் சரியாக இருக்கிறது. இப்படி ஒன்றை நான் எந்த ஊரிலும் ஆடியதில்லை."

நோரி வழக்கப்படி, "இல்லீங்க இல்லீங்க" என்று ஆரம்பித்தான். நான் காலை நகர்த்தினேன். அவன் நிறுத்தினான். தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. எடது துடுப்புக்குத்தான் ரொம்பப் பாடுபட்டேன்" என்றான்.

அவள் நீல நோட்டில் அடித்திருந்த வரியின் கீழே புதிதாக எழுதினாள். இடம், யானைகள், புள்ளி. பிறகு நோட்டைத் திருப்பி நீட்டினாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாத வரியை அச்சில் போடமாட்டார்கள். மேலே ஹருயோவின் வரி இருந்தது. பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தாள்.

நோரி தன் சட்டைப் பையைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான்.

எங்களிடம் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான், அவன் முத்திரை என்னிடம்தான் இருக்கும். அவனுக்கு ஒன்பது வயதானபோது அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். பள்ளி ரிப்போர்ட், வாடகைப் பத்திரம், வங்கி, தபால்காரன் கொண்டுவரும் பார்சல், எல்லாவற்றிலும் அவன் பெயரை நான்தான் ஒற்றுவேன். அவன் ஒற்றினால் கோணலாகும். படிவங்களில் பெயரை எழுதியிருக்கிறான். ஆனால் முத்திரை விழும் வரை அதற்கு மதிப்பில்லை.

"பத்து நிமிஷம்" என்றேன். "சைக்கிள்ல போயி எடுத்துட்டு வந்துடறேன். இவங்களுக்கு டீ குடு."

"மன்னிக்க வேண்டும்" என்றாள் பென்ட்டே. "முத்திரை அல்ல. அவர் கையால் எழுத வேண்டும்."

"அவனுக்குப் பழக்கமில்லீங்க. கோணலாப் போட்ருவான். நான் வேணா..."

"அக்கா" என்றான் நோரி. "ஒக்காரு."

ஐம்பத்து மூன்று வருடத்தில் அவன் என்னை உட்காரச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். துணி நிறைந்த கூடைமேல்.

சலவை ரசீதுகளின் பின்பக்கம் பதினோரு முறை எழுதிப் பார்த்தான். முதலில் பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோல் இருந்தது. ஐந்தாவதில் சேர்த்து எழுதினான். எட்டாவதில் கடைசிக் கோட்டை நீட்டினான், பிறகு குறைத்தான். டாக்சிக்காரர் ஈரத் துணியோடு பின்னால் நின்று, "ஒம்பதாவது நல்லாயிருக்கு நோரி" என்றார். பென்ட்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

பிறகு நீல நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கறுப்புக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் போட்டான். கொஞ்சம் கோணல்தான். கடைசிக் கோடு கட்டத்தைத் தாண்டி ஹருயோவின் பூ வரை போய்விட்டது. நான் கூடையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

அவன் இதை ஜெயித்தது 2014 நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது.