காத்தவராயன் மேஸ்திரியின் கால்வாய்

எங்கள் மாரிகுப்பம் சுரங்கத் தொழிலாளர் லைனில் மழை பிடித்தால் சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து மண் கரைந்து வந்து கால்வாயை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்குத் தெரு, வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. போன ஐப்பசியில் தெருமுனைப் பாலத்தையும் அடித்துக்கொண்டு போனது. பாலம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், இரண்டு கல் பலகைதான். ஆனால் அதைத் தாண்டினால்தான் ஸ்டேஷன்.

பாலம் போனதில் எங்களுக்கெல்லாம் தொந்தரவு. காத்தவராயன் மேஸ்திரிக்கோ அதைவிடப் பெரிய கவலை. தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள் ஸ்வாதி, விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவள். ரயிலைத் தவறவிட்டு ஆபீசில் திட்டு வாங்கியவள், செருப்புச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

“இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா, பெங்களூர்லயே ஹாஸ்டல் பாத்துக்கினு போயிடுவேன் நைனா.”

மேஸ்திரி மறுநாள் காலை கடப்பாரையும் பழைய சுரங்க ஹெல்மெட்டுமாகத் தெருவில் நின்றார்.

தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குள் இன்னும் மூடவில்லை. கடைக்கு வெற்றிலை வாங்கப் போனாலும், சுரங்கத்திலிருந்து தரைக்கு ஏறுகிறவர் போல “சர்ஃபேஸுக்குப் போய்வரேன்” என்பார். அவர் கூப்பிட்டால் எங்களால் மறுக்க முடியாது. நாங்களும் சுரங்கத்தில் கிடந்தவர்கள்தானே. ஷிஃப்ட் பிரித்துக்கொண்டு இறங்கினோம்.

நகரசபை சிமெண்டு கொடுத்தது. விநாயக் என்ற சின்ன வயசு என்ஜினியரையும் அனுப்பியது.

“தண்ணி கெரெ பக்கம் போகணும் சார். அந்தப் பக்கமா சரிவு கொடுங்க” என்று ஏரியைக் காட்டினான் அவன்.

“நான் பூமிக்கடியில தண்ணிய அடக்கினவன் தம்பி” என்றார் மேஸ்திரி. அவன் கிளம்பிப் போய்விட்டான், பாவம்.

சுரங்கத்தில் எந்த லெவலில் கசிந்தாலும் தண்ணீரை, ஆட்கள் ஏறி இறங்கும் ஷாஃப்ட் ஓரத்துக் குழிக்குத்தான் கொண்டுவருவார்கள். அங்கிருந்து பம்ப் மேலே ஏற்றிவிடும். மேஸ்திரிக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். கால்வாய் முழுக்க ஒரு குழியை நோக்கிச் சரிந்தது. தெருவில் காலி இடம் அவர் வாசல் மட்டுமே, குழியை அங்கேயே வெட்டினோம்.

“பம்ப்?” என்று நான் கேட்டேன்.

“அத்த கம்பெனி குடுக்கும்” என்றார்.

நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம். இதை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இல்லாத கம்பெனியை நம்பிக் கால்வாய் வெட்டிய ஊர் வேறெங்கும் இருக்காது.

பாலத்தை மட்டும் பிரமாதமாகக் கட்டினார். பழைய தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கே போட்டு, சுரங்கக் கூரையைத் தாங்குவது போல முட்டுக் கொடுத்திருந்தார். லாரியே போகலாம், லாரி நுழையத்தான் தெருவில் அகலம் இல்லை.

அடுத்த பெரிய மழை பெய்து விடிந்ததும் கதவைத் திறந்தால் எங்கள் வீடுகளில் ஒரு சொட்டு இல்லை. பாலமும் அசையவில்லை. தெருத் தண்ணீர் மொத்தமும் ஒழுங்காக மேஸ்திரி வீட்டுக்குள் போயிருந்தது. ஸ்வாதி பையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வெளியே வந்தாள். பாலத்தைத் தாண்டி ரயிலைப் பிடித்தாள்.

நாங்கள் கும்பலாகப் போய் மேஸ்திரியைப் பாராட்டினோம்.

“கையே வைக்காதீங்க மேஸ்திரி. நல்லா வேலை செய்யுது” என்றேன் நான். என் வீடு காய்ந்திருந்தது, வேறென்ன சொல்வேன்.

அவர் காதில் வாங்கவில்லை. ஹெல்மெட்டோடு பக்கெட்டில் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டினார். கொட்டியதெல்லாம் கால்வாய் வழியாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் வரை நிறுத்தவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

ரயில் வந்தது. ஸ்வாதி பாலத்தின்மேல் நின்று எங்களையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

“இன்னா நைனா, கம்பெனி பம்ப் இன்னும் வர்லியா?”

மேஸ்திரி நிமிரவில்லை. “உன் பெட்டிய கட்டில் மேல எடுத்து வச்சிட்டேன். துணி ஒண்ணும் நனையல. எப்ப வேணா கிளம்பலாம்” என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிப் பாலத்தில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பக்கெட்டைப் பிடுங்கினாள்.

“போய் உக்காரு. உன் ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி.”