மண் ஒட்டாத டயர்

கியர் சைக்கிள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பழக வேண்டியது முகத்தை ஆடாமல் வைத்துக்கொள்வது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் சக துயரத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருமுல்கேரியில் எங்கள் வீடு, செகந்திராபாத்தில் ஜாவேத் பாயின் கடை. இன்டர் முதல் வருஷ லீவில், அதாவது பிளஸ் ஒன் லீவில், சேர்ந்தவன், அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளையும் அங்கேயே கழித்தேன். ஏரியில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, அதோடு விடாமல் ஓடவும் செய்கிற டிரையத்லான் பைத்தியம் மாதாப்பூர் சாஃப்ட்வேர்காரர்களைப் பிடித்திருந்த காலம் அது. போட்டி சீசன் நெருங்கினால் கடையில் நிற்க இடமிருக்காது.

எடை

எங்கள் கடையில் எந்தச் சாமானுக்கும் விலையைக் கேட்குமுன் எடையைக் கேட்பார்கள். சேலத்துக்காரர் ஒருவர் சீட்டை மாற்றினார், ஹேண்டில்பாரை மாற்றினார், பிறகு சக்கரம் இரண்டையும் மாற்றினார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடி நிறுத்துப் பார்ப்பார். கடைசியில் சைக்கிள் ஒரு விரலில் தூக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வாரமே திரும்ப வந்தார். இன்னும் எதைக் குறைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு ஒரு ஸ்டாண்டு மட்டும் போட்டுக் குடு தம்பி. இவ்ளோ விலை குடுத்து வாங்கினதை சுவத்துலதான் சாத்தணுமான்னு வீட்ல கேக்கறாங்க."

பாயின் குரல்

எனக்கு ஒரு வியாதி. யார் பேசினாலும் அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் மேலதிகாரி குரலில் போன் செய்து அப்பாவை ஹாலில் எழுந்து நிற்க வைத்தவன் நான். கடையில் எனக்குப் பிடித்த குரல் ஜாவேத் பாயுடையது. கரகரவென்று, பழைய பிரேக் மாதிரி இருக்கும்.

ஒருநாள் பாய் வெளியே போயிருந்தார். பின்கட்டில் சக்கரம் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக் யாதகிரியிடம், திரைக்கு இந்தப் பக்கம் நின்று பாய் குரலில், "சபாஷ் யாதகிரி, ரொம்ப உழைச்சிட்டே, வீட்டுக்குப் போ" என்றேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியே விட்டார். திரும்பினால் எனக்குப் பின்னால் பாய் நிற்கிறார். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

பாய் செகந்திராபாத் தமிழர்களோடு வளர்ந்து தமிழ் பழகியவர். நிதானமாகச் சொன்னார்: "பராபர் மியா, என் குரலேதான். ஆனா நான் இவ்ளோ பேசமாட்டேன்."

திரும்பி வந்த சைக்கிள்

கலைச்செல்வி அக்கா தூத்துக்குடிக்காரர். சாஃப்ட்வேர் வேலை, குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் வீடு. கடல் பக்கத்திலேயே பிறந்தும் காலை நனைத்ததோடு சரி. முதல் போட்டியில் அவருடைய சைக்கிளைக் கொண்டுபோய் வைக்கும் வேலை எனக்கு. ஏரிக்கரையில் கம்பி கட்டி எல்லோருடைய சைக்கிளையும் வரிசையாக மாட்டியிருந்தார்கள். நீந்தி வந்தவர்கள் சொட்டச் சொட்ட ஓடிவந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். கம்பி காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு சைக்கிள் நின்றது.

அக்காவைப் பாதி ஏரியில் காவல் படகில் ஏற்றிவிட்டார்களாம்; படகில் ஏறினால் போட்டி அதோடு முடிந்தது. பயத்தில் மூச்சு அடைத்து, படகின் விளிம்பைப் பிடித்ததும் படகுக்காரர் தூக்கிவிட்டார். யார் மேலும் தப்பில்லை. போர்வை போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த அவரை யாருடைய குரலிலும் சிரிக்க வைக்க எனக்குத் தோன்றவில்லை. கை சும்மா இருக்காமல் துணியை எடுத்து சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அக்கா டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல என்ன ஒட்டியிருக்குன்னு தொடைக்க?"

முதலில் தண்ணீர்

அடுத்த சீசனுக்கு அக்கா முன்கூட்டியே வந்தார். பூட்டிக்கொள்ளும் பெடல், அதற்கான ஷூ, முழங்கையை ஊன்றிக்கொள்ளும் ஹேண்டில்பார் என்று பெரிய பட்டியலோடு. எனக்குக் கமிஷன் கண்ணில் ஆடியது. பாய் எல்லாவற்றையும் மறுபடி அலமாரியில் வைத்தார். "நக்கோ, வேணாம். முதல்ல தண்ணி."

ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஏரி. ஞாயிறு காலையில் பாய் கரையோடு கூடவே நடப்பார். அக்கா தலையைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவதால் எங்கே போகிறோம் என்று தெரியாது. மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போது பாயின் குரல் கேட்கும். நேராகப் போனால் 'ஹவ்', அவர் உருதுவில் ஆமாம். கோணினால் 'நக்கோ'. வேறு பேச்சே கிடையாது, பாராட்டும் கிடையாது. கைத்தடி பிடித்து நடப்பவர் மாதிரி அக்கா அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நீந்தினார். கரையேறி, பல் கிடுகிடுக்க என்னிடம் சொன்னார்: "இந்த வருஷம் படகுல மட்டும் ஏறிரக் கூடாது தம்பி. கடைசியா வந்தாக்கூடப் பரவால்ல. எஞ்சைக்கிள நானே எடுக்கணும்."

படகில்

போட்டிக்கு முந்தின வாரம் முழுக்க மழை. மழையில் நின்று கத்தியதில் பாயின் தொண்டை சுத்தமாகப் போய்விட்டது. போட்டியன்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஏரிக்கரையில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைக் காலரைப் பிடித்துக் காவல் படகில் ஏற்றிவிட்டார்.

அக்காவுக்குப் பக்கத்திலேயே போனோம். பாயின் குரலில் ஹவ் என்றேன், நக்கோ என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குரலைச் சிரிக்காமல் செய்தேன். பாதி ஏரி தாண்டியதும் அக்காவின் கை நின்றது. நீச்சல் கண்ணாடிக்குள் கண் அகலமாகத் தெரிந்தது. மூச்சு இழுக்கிற சத்தம் படகு வரைக்கும் கேட்டது. கை விளிம்பை நோக்கி நீண்டது. படகுக்காரரும் பிடித்துத் தூக்கக் குனிந்தார். அவர் தோளைப் பிடித்துத் தடுத்தேன். அந்த நேரத்தில் ஹவ்வும் நக்கோவும் எனக்குப் போதவில்லை. "டரோ நக்கோ பெஹன், பயப்படாத, நான் இருக்கேன்" என்றேன், பாயின் குரலிலேயே.

நீண்ட கை அங்கேயே நின்றது. பிறகு தண்ணீருக்குள் போனது. அக்கா மறுபடி நீந்த ஆரம்பித்தார்.

படகுக்காரர் துடுப்பை எடுத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, இப்பவாவது என் தோளை விடறியா? துடுப்புப் போடணும்."

டயர்

மறுநாள் அக்கா சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசிக்கு முந்தின ஆளாக முடித்திருந்தார். டயர் முழுக்கச் செம்மண், பெடலில் செம்மண், சீட்டுக்கு அடியிலும் செம்மண். யாதகிரி ஹோஸ் பைப்பை எடுத்தார். பாய் கையைக் காட்டித் தடுத்தார். சொல்ல இன்னும் குரல் வரவில்லை. அன்று அலமாரியில் திரும்ப வைத்த அந்த முழங்கை ஹேண்டில்பாரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

அக்கா என் காதோரம் குனிந்தார். "குரல் அவரு குரலேதான். ஆனா அவரு என்னைக்குடே பயப்படாதன்னு சொல்லிருக்காரு? தண்ணிக்குள்ளயே தெரிஞ்சிட்டு, நீதான்னு."

எல்லாவற்றையும் எடை பார்த்து விற்கிற எங்கள் கடையில், அந்தச் செம்மண்ணின் எடையைக் குறைத்துத் தரும்படி மட்டும் யாரும் கேட்கவில்லை.