கேத்தலில் மண்ணெண்ணெய்

இன்று மகன் சைக்கிள் செயினை மண்ணெண்ணெயில் கழுவியபோது, இப்போது இல்லாத எங்கள் ஆரையம்பதிக் கிடுகுக் கொட்டில் மூக்கில் ஏறியது, கூடவே அந்தப் பழைய கூச்சமும். வீட்டின் பின்னாலிருந்த அந்தக் கொட்டிலில் அப்பா பழைய மொரிஸ் மைனர் காருக்கு ஏதோவொரு வான் வண்டியின் கியர் பொக்ஸைப் பொருத்த மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார், பற்களின் இடுக்கெல்லாம் எட்டுமென்று தேத்தண்ணிக் கேத்தலாலேயே மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவார், "இதில எப்பிடித் தேத்தண்ணி வைக்கிற?" என்று முணுமுணுத்தபடி அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பார்.

ஒருநாள் என் வகுப்பு டீச்சர் வீட்டுக்கு வந்தார். அந்தக் கேத்தல் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் கடைசிவரை குடித்துவிட்டு, "அப்பா கார் திருத்துறவரோ, பிள்ள?" என்று கேட்டார்.

"ஓம், டீச்சர்" என்றேன், நிமிராமல்.

முன்விறாந்தையில் இருந்த டீச்சருக்குக் கொட்டில் தெரிந்திருக்க வழியே இல்லை.