பச்சைப் புள்ளி வைத்த சூப்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஜப்பான் சாப்பாடா என்று சிரிக்காத ஆள் இல்லை. சென்னையில் ஜப்பான்காரர்கள் வரும் ஓட்டலில் பதினோரு வருடம் கிச்சனில் நின்றவன் நான். அந்தத் தைரியத்தில் பஜாரில் ஆறு டேபிள் போட்டுக் கடை திறந்தேன். மெனு கார்டும் நானே தயாரித்தேன். சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. மிசோ சூப்புக்கும் பச்சைதான். அதில் தோஃபு என்கிற சோயா பன்னீரும் கடல்பாசியும்தானே மிதக்கின்றன!

இரண்டாவது மாதம், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்த ஒருவர், மனைவி மகளோடு வந்தார். மைன்ஸில் பெர்மனென்ட். வடலூர்க்காரர், பெயர் ஞானசேகரன். உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"நாங்க வள்ளலார் வழிங்க. முட்டைகூட தொட மாட்டோம். பொண்ணுக்கு ஜப்பான்ல வேலை கெடச்சிருக்கு. அங்க போயி இன்னாத்த சாப்புடுவான்னு பாக்கத்தான் வந்தோம். சரிப்படலன்னா அனுப்பறதா இல்ல."

மகள் கவிதா மெனுவைத் தொடவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப் அவருக்குப் பிடித்துவிட்டது. இரண்டாவது கிண்ணம் கேட்டார். கவிதாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. அவள் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இதுல இன்னா போட்டீங்கன்னு சொல்லுங்க தம்பி. அங்க இவளே வச்சி குடிச்சிகினு இருப்பா."

சோயா பேஸ்ட், தோஃபு, பாசி என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். அதெல்லாம் கொதித்தது தண்ணீரில் இல்லை. காய்ந்த மீன் சீவலைப் போட்டு வடிகட்டிய ஸ்டாக்கில். பதினோரு வருடமாக எங்கள் கிச்சனில் அதுதான் தண்ணீர். புள்ளி வைத்த அன்றுகூட எனக்கு அது மீனாகத் தோன்றவில்லை.

'அப்புறம் தண்ணி' என்று முடித்திருந்தால் தப்பித்திருப்பேன். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஞானசேகரன் கிண்ணத்தை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

வெளியே போய் வெகுநேரம் வாய் கொப்பளித்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திரும்பி வந்து மகளிடம் சொன்னார்.

"தமிழ்ல கேட்டு, தமிழ்ல பதில் வாங்கின எடத்துலயே இப்பிடி. அங்க யாரு ஒனக்கு எடுத்துச் சொல்லுவா? நீ போவ வேணாம்மா."

கவிதா அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இது எதுல கொதிச்சதுன்னு ஜப்பான் பாஷைல எப்பிடிக் கேக்கறது?"

சொன்னேன். அப்பா எதிரிலேயே அதைத் தப்பில்லாமல் மூன்று தடவை சொல்லிக்காட்டினாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

மறுநாளே சூப்பைக் காளான் ஊறவைத்த தண்ணீருக்கு மாற்றினேன். கார்டில் இருந்த பச்சைப் புள்ளிகளை எல்லாம் அடித்துவிட்டு, அடுப்பில் எது எதில் கொதிக்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என் அவமானத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்: தட்டைப் பார்த்துச் சைவம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஞானசேகரன் தனியாக வந்தார். உட்காராமல் நேரே கிச்சன் வாசலுக்கு வந்து நின்றார்.

"மூடியத் தொறங்க."

திறந்தேன். குனிந்து மோந்து பார்த்தார்.

"எதுல கொதிக்குது?"

"காளான் தண்ணிங்க."

"நேத்துதான் ஃப்ளைட் ஏத்திவுட்டு வந்தோம்," என்றார். "ஒரு சூப் குடுங்க."